ஊசியின் மறுபாதி

'கீய்ய்ங்ங்...'

துணிக்குள் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டர் அலறியதும் பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெல்ட் நின்றுவிட்டது. மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. மெஷின் முன்னால் நின்றிருந்த முத்துப்பேச்சி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். அதுவாத்தான் கத்துது."

செல்வக்குமார் ஓடி வந்தான். பெல்ட்டில் கிடந்த உடுப்பை எடுத்து மறுபடி விட்டான். மறுபடியும் அலறியது. கைக்குழந்தைக்குப் போடும் ரோம்பர் அது. சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு. வெளிர்நீலம்.

மேஜையில் விரித்துப் போட்டு, விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவினான். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் ஏதோ குத்தியது. மெல்ல இழுத்து எடுத்தான்.

ஊசிதான். ஆனால் மெஷின் ஊசி இல்லை. குண்டூசியும் இல்லை. தலைமயிர் போல மெலிசான பித்தளைக் கம்பி. கடுகில் பாதியளவு தலை. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. நடுவில் முறிந்து, மேல்பாதி மட்டும் இருந்தது.

"இது என்ன ஊசி சார்? நம்ம லைன்ல இப்படி ஒண்ணு கெடையாதே" என்றாள் முத்துப்பேச்சி.

செல்வக்குமார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவன் பார்த்து வளர்ந்த ஊசி அது. வீட்டு முன்னறையில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள், பட்டாம்பூச்சிகளின் முதுகில் குத்தி நிற்கும்.

அவன் அம்மாவின் ஊசி.

*

அருள்புரத்தில் செல்வக்குமார் குடும்பத்தின் பனியன் கம்பெனி இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துத்தான் பிழைத்தது. டென்மார்க் பையரிடமிருந்து நேராக வந்த முதல் ஆர்டர் இதுதான். அந்த ஆர்டரும் லேசில் வரவில்லை. பையர் கம்பெனியின் டிசைனரம்மா கேட்ட நீலம் சாயப்பட்டறையில் கிடைக்கவே இல்லை. அனுப்பிய துண்டுத்துணியெல்லாம் 'இது இல்லை' என்று திரும்பி வந்தது. கடைசியில் செல்வக்குமாரின் அப்பா சென்னியப்பன், "அத எங்கிட்ட உடு" என்று வாங்கிக்கொண்டார். அடுத்த துண்டு ஓகே ஆகிவிட்டது. எப்படி என்று கேட்டதற்கு, "சாமி கும்புட்டேன்டா" என்றார்.

கண்டெய்னர் லாரி காலையிலேயே கேட்டுக்குள் வந்து நின்றுவிட்டது. சாயங்காலம் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும்.

பையர் சார்பில் சரக்கைச் சோதிக்க வந்திருந்த ஆரோக்கியராஜ் அந்தப் பாதி ஊசியை வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தார். மெலிந்த மனிதர், தூத்துக்குடிக்காரர். சத்தமாகப் பேச மாட்டார். பேசியதை மாற்றவும் மாட்டார்.

"மறுபாதி எங்க சார்?"

"தேடிட்டு இருக்காங்க."

"கெடைக்கணும் சார். ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டும் வரணும். ரெண்டையும் சேத்து ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டணும். அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"பாக்கி பீஸெல்லாம் திரும்ப டிடெக்டர்ல ஓட்டிக் காட்டறேன். ஒண்ணுகூடக் கத்தலைன்னா?"

"அதையும் ஓட்டுங்க. ஆனா மறுபாதி வேணும். போடப்போறது கைக்குழந்தை சார். அதுக்கு வாய் இருக்கா, குத்துதுன்னு சொல்ல?"

செல்வக்குமார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தான். கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு.

*

அந்த வீட்டுக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் 'பூச்சி ஊடு'.

செல்வக்குமாரின் அம்மா அமராவதி கல்யாணமாகி வந்த சில வருஷத்தில், வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். சென்னியப்பன் தேக்குக் கட்டில் எடுக்கப் போனார். கூடப் போன அமராவதி, யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த பூச்சிப் பெட்டிகளைக் கேட்டாள். வெள்ளைக்காரத் துரை யாரோ அந்தக் காலத்தில் சேர்த்தவை. கட்டில் வேறொருவருக்குப் போனது. பூச்சிகள் வீட்டுக்கு வந்தன.

பிறகு எங்கே பழைய பங்களா காலியானாலும் அமராவதிக்குத் தகவல் வந்துவிடும். பட்டாம்பூச்சி, பொன்வண்டு, கிளிஞ்சல், கல்லில் பதிந்த இலை. உயிரோடு இருக்கும் எதையும் அவள் பிடிப்பதில்லை. எப்போதோ செத்து, யாரோ பத்திரப்படுத்தி, பிறகு யாருக்கும் வேண்டாமல் போனதுதான் அவளுக்கு வேண்டும். எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களிடம், "நீங்க காலண்டர் மாட்டறீங்கல்ல, அது மாதிரிதானுங்க" என்பாள்.

வெயில் பட்டால் இறகு வெளுத்துவிடும் என்று முன்னறை ஜன்னலுக்கு எப்போதும் தடித்த திரை. உள்ளே போனால் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும்.

டிசம்பரில் டிசைனரம்மா மறுபடி வரும்போது துணிகளைக் காட்ட, அந்த அறையைத்தான் செல்வக்குமார் சாம்பிள் ரூம் ஆக்கப்போகிறான். பெட்டிகளை எல்லாம் பொள்ளாச்சி ரோட்டில் புதிதாகக் கட்டும் ரிசார்ட்காரருக்குக் கொடுப்பதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்துவிட்டான். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அமராவதி மகனுக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

இன்று அவனே பேசினான்.

"அம்மா, இது ஆர் ஊசி?"

அமராவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு வாரத்து மௌனம் அங்கேயே முடிந்தது.

"இது எப்புடிக் கண்ணு உங்கிட்ட?"

"பச்சைப்புள்ள துணிக்குள்ள கெடந்துச்சு. கண்டெய்னர் நிக்குது. மறுபாதி இல்லாம அந்த மனுசன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான். உன்ற பூச்சியால என்ற மொத ஆர்டர் நிக்குதும்மா!"

"நான் கம்பெனிப் பக்கம் வந்தே வருசமாச்சேப்பா."

"அப்ப ஊசி நடந்து வந்துச்சா?"

சமையலறையிலிருந்து அனிதா எட்டிப் பார்த்தாள். செல்வக்குமாரின் மனைவி. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் அவள் பொறுப்பு. வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஒரு நாளில் பல தடவை நடப்பவள். அவன் பார்வை அவள் மேல் திரும்பியது.

"நீ ஏதாச்சும் தொட்டயா?"

"நானுங்களா? அத்தையோட பெட்டியத் தொட்டா, அடுத்த நாள் நானும் ஒரு பெட்டிக்குள்ளதான் இருப்பேன். முதுவுல ஊசி குத்தி, கீழ பேரெழுதி."

அமராவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். திரையைக் கொஞ்சம் விலக்கி, பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துரை காலத்துப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

கறுப்பு இறகில் வெளிர்நீலம் தெளித்தது போல ஒரு பெரிய பட்டாம்பூச்சி. அதன் கீழே ஒட்டிய சின்னத் தாளில் மங்கிய மசியில் 'ஆனைமலை 1931'. பக்கத்துப் பூச்சிகளின் முதுகில் எல்லாம் ஊசித்தலை தெரிந்தது. இதன் முதுகில் இல்லை. முறிந்த முனை மட்டும் பச்சையாக மினுங்கியது. பூச்சியும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எடுத்து, அவசரமாகத் திரும்பக் குத்தியிருக்கிறார்கள்.

"முந்தாநாத்து தொடைக்கறப்ப நல்லா இருந்துச்சு" என்றாள் மெதுவாக.

"மறுபாதி அதுக்குள்ளயா இருக்குது?"

"ஆமா."

"எடு."

அமராவதி திரும்பி மகனைப் பார்த்தாள். "புடிச்சு இழுத்தா வராது கண்ணு. களிம்பேறி ஒடம்போட ஒட்டிக்கிச்சு. காஞ்ச அப்பளமாட்டம் நொறுங்கிப் போயிரும். ஈரமணல் போட்ட டப்பாவுல ஒரு நாள் மூடி வெச்சா இளகும். பொறகு உருவலாம்."

"ஒரு நாளா? லாரி சாயங்காலம்மா! நொறுங்குனா நொறுங்கட்டும். ஞாயித்துக்கெழம எப்படியும் போறதுதானே?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. ஆனால் வாயை விட்டுப் போய்விட்டது.

அனிதா நடுவில் வந்தாள். "அத்தை, ஈரம்தானுங்களே வேணும்? ஸ்டீம் அயர்ன்ல காட்டுனா என்னங்க?"

அமராவதி யோசித்தாள். கண்ணாடிக்குள் இருந்த நீலத்தைப் பார்த்தாள். துரைக்குப் பிறகு, யாருமே பார்க்காமல் மூலையில் கிடந்த காலத்துக்குப் பிறகு, அவள் கைக்கு வந்தது. அந்த அறையில் இதற்கு இணையாக இன்னொன்று கிடையாது.

"கைக்கொழந்தை போடறதா அது?"

"ஆமாங்கத்தை."

கொக்கியைத் தள்ளிக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

"சொல்லிப்போட்டேன், நானே எடுப்பேன். வேற ஆரும் கைவெக்கக் கூடாது. இத எடுத்துக் குடுத்தா, ஞாயித்துக்கெழம வண்டி வரக் கூடாது. செரியா?"

"அதப் பொறகு பேசிக்கலாம்மா. மொதல்ல இது முடியட்டும்."

*

முதலாளியம்மா உள்ளே வந்ததும் தையல் லைனில் பேச்சு நின்றது. சேலை முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கார்க் பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பலகையில் ஒற்றைப் பட்டாம்பூச்சி.

"ஏ, வழிவிடுங்கட்டி. ஃபேன அமத்துங்க, பறந்துரப் போவுது" என்றாள் முத்துப்பேச்சி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபேன்கள் நின்றன.

அயர்ன் டேபிளில் முனீஸ் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம். மேஜையில் அடுத்து தேய்க்க வேண்டிய ரோம்பர்கள் விரித்துக் கிடந்தன.

"தம்பி, நேரா மேல அடிக்கக் கூடாது. இந்த ஈரத்துணியத் தள்ளிப் புடிச்சுக்கறேன். அது வழியா ஆவி வரோணும். மெதுவா."

"சரிம்மா. லேசாத்தான் விடுதேன். போதும்னா சொல்லுங்க."

ஆவி வந்தது. அமராவதி பெரிய வேலைக்கு உட்கார்ந்தவள் போல மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. மயிரிழை போன்ற உணர்கொம்புகள் தாமாகக் கொஞ்சம் தாழ்ந்தன.

"உசுரு வந்தமாரியே இருக்கும்மா" என்றான் முனீஸ்.

"பேசாதடா, கை ஆடுது."

ஆரோக்கியராஜ் ரெஜிஸ்டரோடு வந்து நின்றார். செல்வக்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"சார், பூச்சியோடயே ஒட்டிக்கறீங்களா?"

"பூச்சியோட ஒட்டினேன்னா, ஹெட் ஆபீஸ்ல என்னைப் பக்கத்துல ஒட்டிடுவாங்க சார்."

அமராவதி இடது கை விரலால் பூச்சியின் உடம்பை அணைத்துக்கொண்டு, வலது கைச் சாமணத்தால் முனையைப் பற்றினாள். இழுக்கவில்லை, திருகினாள். ஒரு திருகு, ஒரு நிறுத்தம். பச்சைப் பொடி உதிர்ந்தது. இன்னொரு திருகு. ஊசி வந்துவிட்டது.

கூடவே ஒரு இறகும் வந்தது.

பின்னிறகு ஒன்று கழன்று, மேஜையில் விரித்திருந்த ரோம்பர் மேல் விழுந்தது. அமராவதி ஊசியை ஆரோக்கியராஜின் தாளில் வைத்துவிட்டு, இறகை எடுக்கக் குனிந்தாள்.

எங்கே எடுப்பதென்று தெரியவில்லை.

இறகின் கறுப்புப் புள்ளிகள் மட்டும் துணியின் மேல் தனித்தனியாகக் கிடப்பது போலத் தெரிந்தன. நீலம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

ஆரோக்கியராஜ் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் தள்ளி, முறிந்த வாயோடு முறிந்த வாய் பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது. டேப்பை ஒட்டினார்.

"முடிஞ்சுது சார். பாக்கி பீஸையும் ஓட்டிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன். தேங்க்ஸ்ம்மா."

செல்வக்குமாரும் கவனிக்கவில்லை. அவன் ஏற்கனவே டிடெக்டரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கவனித்தது இரண்டு பேர். ஒருத்தி அனிதா. குனிந்து, துணியையும் இறகையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். இன்னொருவர் சாயப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து, கதவருகே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த சென்னியப்பன்.

அமராவதி நகத்தால் இறகை மெல்ல எடுத்து, டிஷ்யூ தாளில் மடித்தாள். கணவனை ஒரு தரம் ஏறிட்டாள். கார்க் பலகையோடு வீட்டுக்கு நடந்தாள்.

*

பொழுது சாய்வதற்குள் கண்டெய்னர் கதவில் சீல் விழுந்தது. லாரி பல்லடம் ரோட்டில் திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, செல்வக்குமார் வீட்டுக்குள் வந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

முன்னறையில் அமராவதி இறகை ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அனிதா. சென்னியப்பன் மூலை நாற்காலியில் காபியோடு இருந்தார். குடிக்கவில்லை.

"வண்டி போயிருச்சும்மா" என்றான்.

"செரி கண்ணு."

"ஒட்டிருமா அது?"

"ஒட்டும். பழைய மாதிரி இருக்காது."

அவனுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் செல்போன் அடித்தது. ரிசார்ட்காரர்.

"சொல்லுங்கண்ணா... ஆமாங்க, ஞாயித்துக்கெழம காலைல வண்டி அனுப்பிருங்க. பெட்டியெல்லாம் ரெடியா இருக்கும்... இல்லீங்க, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அமராவதியின் கை நின்றது. பசைக்குச்சியைக் கீழே வைத்தாள்.

போனை வைத்துவிட்டு, யாரையும் நேராகப் பார்க்காமல் பேசினான். "இன்னிக்கு நடந்ததப் பாத்தீங்கல்ல? நாளைக்கு இன்னொரு ஊசி வராதுன்னு என்ன நிச்சயம்? இதெல்லாம் இங்க இருக்கறது கம்பெனிக்கு ஆவாதும்மா. ஊசி எப்புடி அங்க வந்துச்சுன்னே இன்னும் தெரியல..."

"தெரியும்" என்றாள் அமராவதி. "ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

சென்னியப்பன் காபியைக் கீழே வைத்தார்.

"நாந்தான்டா எடுத்துட்டுப் போனேன். முந்தாநாத்து ராவு. கடைசி லாட்டுல நீலம் ஒரு டோன் கம்மியாப் பட்டுச்சு. தெச்சு வெச்சிருந்த துணி மேல பூச்சிய வெச்சுப் பாத்தேன். ஊசி அப்பத்தான் முறிஞ்சிருக்கோணும். நான் பாக்கல."

"பூச்சிய எதுக்குங்கப்பா துணி மேல வெக்கோணும்?"

அனிதா விளக்கை இறக்கினாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு நீல ரோம்பரை எடுத்து, ஒட்டிய பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் விரித்தாள். செல்வக்குமார் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"சாமி கும்புட்டேன்னீங்களே?"

"சாயப்பட்டறைல இதக் கொண்டுபோயி வெச்சுத்தான்டா கும்புட்டேன். போன தடவ அந்த டிசைனரம்மா சாப்புட வந்தப்ப, இலைய உட்டுப்போட்டு இந்தப் பெட்டி முன்னாலயே நின்னுச்சே, நீ எங்க பாத்த? போன்ல இருந்த. அந்தம்மா கேட்ட நீலம் எங்க இருக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அத எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றாள் அமராவதி.

"எப்புடிப் புள்ள சொல்றது? இத்தன வருசம் பூச்சி பூச்சின்னு நக்கலடிச்ச வாயி."

செல்வக்குமார் போனைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். ரிசார்ட்காரரின் எண் இன்னும் திரையில் இருந்தது. "செரிங்கப்பா, ஆர்டர் போயிருச்சு. நீலம் முடிஞ்சுது. இனி இந்தப் பெட்டிக எதுக்கு?"

சென்னியப்பன் எழுந்து, சுவரில் வரிசையாகத் தொங்கிய மற்ற பெட்டிகளைக் கையால் காட்டினார். பச்சைப் பொன்வண்டு, காவி இறகு, ரோஜா நிறக் கிளிஞ்சல்.

"டிசம்பர்ல அந்தம்மா மறுபடி வர்றது உன்ற கம்பெனியப் பாக்கன்னா நெனச்சுட்டு இருக்கற? அடுத்த சீசனுக்கு மீதிப் பெட்டிகள்ல இருந்து கலர் எடுக்கறதுக்குடா."